பழைய கூடும் பெரிய எஞ்சினும்

முன்பாதி மட்டுமே உள்ள ஒரு காடியை முதன்முதலாகக் காண்பவனுக்கு, அது ஏதோ கொடிய விபத்தில் அறுபட்டு வந்தது என்றுதான் தோன்றும். பினாங்கின் பெருநிலத்துப் பக்கம், புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்துக் கிடங்குகளில், முன்தூணுக்குப் பின்னால் குறுக்காக அறுக்கப்பட்டு, ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் முன் சக்கரங்களும் விளக்குகளும் இருந்த இடத்திலேயே இருக்க, பின்னால் ஒன்றுமில்லாமல் வரிசையாகக் கிடக்கும் அந்த வண்டிகளில் பல, விபத்தையே அறியாதவை. ஜப்பானியச் சாலையில் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தவை. கடல் தாண்டி வருவதற்கென்றே வெட்டப்பட்டவை. ஹாஃப்கட் என்று மலேசியாவில் சகல இனத்தாரும் ஒரே பெயரால் அழைக்கும் இந்த அரை வண்டிகளே, நாற்பது வயதை எட்டிய புரோட்டோன் சாகாக்களுக்கும் அதனினும் மூத்த டாட்சன்களுக்கும் புது எஞ்சின் தரும் ஊற்றாக இருந்து வருகின்றன.

சிறிய எஞ்சினோடு பிறந்த ஒரு பழைய காடிக்கு, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பெரிய எஞ்சினை வைப்பது தகுமா என்ற கேள்வியை ஜோர்ஜ்டவுனில் யாரிடம் கேட்டாலும் திட்டவட்டமான அபிப்பிராயம் ஒன்று கிடைக்கும். பட்டறைக்காரர், முடியாதது என்று எதுவுமில்லை என்பார். காப்பீட்டு முகவர், வேண்டாத வேலை என்பார். அந்தக் காடியிலேயே பள்ளிக்கூடம் போய் வளர்ந்த மகனோ, அப்பாவின் வண்டி மலையேறும்போது மூச்சு வாங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்பான். இம்மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆயினும் மூவருமே எஞ்சினைப் பற்றிப் பேசுகிறார்களேயொழிய, எஞ்சினைச் சுற்றியுள்ளவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. எஞ்சினை மாற்றுவது இந்த விவகாரத்தில் மிகச் சுலபமான பகுதி என்பதும், அதனோடு கூடவே வர வேண்டியவை வந்தனவா என்பதே காரியத்தின் தராதரத்தைத் தீர்மானிக்கிறது என்பதும் நான் கண்ட முடிவு.

இந்த வியாபாரம் எப்படி முளைத்தது என்பதை முதலில் பார்க்கலாம். 1983-இல் புரோட்டோன் நிறுவனம் தோன்றி, 1985 ஜூலையில் சாகா வெளிவந்தபோது, தேசியக் காடி என்ற அந்தக் குழந்தையைக் காப்பாற்றும்பொருட்டு வெளிநாட்டு வண்டிகளின்மீது அரசாங்கம் கனத்த தீர்வைகளை வைத்துக் காத்தது. பெரிய வண்டிகளுக்கு உற்பத்தித் தீர்வை மட்டுமே நூற்றுக்கு 105 வரை ஏறியது. போதாதற்கு, ஏபி என்னும் இறக்குமதி அனுமதிப் பத்திரமும் வேண்டியிருந்தது. முழு வண்டிக்கு இத்தனை மதில் எழுப்பியவர்கள் பாதி வண்டிக்கு ஒரு திட்டிவாசலை விட்டுவைத்தார்கள்: வெட்டப்பட்ட வண்டி வண்டியல்ல, உதிரிப் பொருள். அதே சமயம் ஜப்பானில், புதிய காடிக்கு மூன்றாம் ஆண்டிலும் பிறகு ஈராண்டுக்கு ஒரு முறையும் செய்தாக வேண்டிய கட்டாயப் பரிசோதனைக்கு ஆகும் செலவு, வண்டி மூப்படைய மூப்படைய உடையவனைச் சலிப்படையச் செய்து, ஓடக்கூடிய வண்டியையே கழித்துவிடத் தூண்டியது. அவர்களும் நம்மைப் போலவே ஸ்டியரிங்கை வலப்புறம் வைத்துக்கொண்டவர்கள். சாகாவோ மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயின் உடன்பிறப்பு. அங்கே கழிக்கப்பட்டது இங்கே பொருந்தியது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத் தடையினால் பெட்ரோல் கிடைக்காமல், மோரிஸ் மைனரையும் ஆஸ்டினையும் மண்ணெண்ணெயில் ஓட்டக் கற்றார்களல்லவா, அந்தச் சாமர்த்தியத்தைப் பெற்றெடுத்தது முற்றுகை. இங்குள்ள சாமர்த்தியத்தைப் பெற்றெடுத்தது தீர்வைப் பட்டியல்.

2009-இல் திருத்தியமைத்த தேசிய வாகனக் கொள்கை, பழைய உதிரிப் பாகங்களின் இறக்குமதியை 2011 ஜூன் முதல் தடுக்கப்போவதாக அறிவித்தபோது, வியாபாரிகளிடையே பெருங்கூச்சல் எழுந்தது. இன்றும் கிடங்குகளில் அரை வண்டிகள் கிடக்கின்றன என்பதே அந்த அறிவிப்பின் கதியைச் சொல்லிவிடும்.

இனி, எதற்கு எது பொருந்தும் என்ற விசாரணை. இதில் உறவுமுறை என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் சொந்தத்தில் தேடுவதைப் போல, போமன் என்று நாம் அழைக்கும் அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் முதலில் குடும்பத்துக்குள்ளேதான் எஞ்சின் தேடுவார்கள். சாகாவின் 1.3 எஞ்சினான 4ஜி13-இன் உருளை விட்டம் 71 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 82. அதன் அண்ணன் 4ஜி15-க்கும் ஓட்டம் அதே 82, விட்டம் மட்டும் 75.5. ஆகவே 1298 சிசி 1468 ஆகிறதேயன்றி, வெளியுருவில் மாறுதல் அதிகமில்லை. தாங்கும் மவுண்டிங் முதல் கியர்பாக்ஸ் வரை பெரும்பாலும் பழையதே உட்கார்ந்துகொள்ளும். டாட்சன் 120ஒய் வைத்திருப்பவர்களின் நிலையும் இதுவே: 1171 சிசி ஏ12-ஐ இறக்கிவிட்டு 1488 சிசி ஏ15-ஐ ஏற்றுவது அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொள்வதைப் போன்றது. இங்கிலாந்தில் மோரிஸ் மைனர் பிரியர்கள் தங்கள் வண்டிக்கே உரிய ஏ வரிசையின் 1275 சிசி எஞ்சினை வைத்துக்கொள்வதும் இந்த வகைதான்.

அடுத்த வகை, தூரத்து உறவு. 1993-இல் வந்த வீராவின் ஒரே உடலில் 1.3 முதல் 1.8 வரை பல எஞ்சின்களைத் தொழிற்சாலையே வைத்து விற்றதால், சிறிய வீராவுக்கு 1834 சிசி 4ஜி93-ஐ வைப்பவன் தொழிற்சாலை போட்ட பாதையில்தான் நடக்கிறான். அதே எஞ்சினைச் சாகாவுக்கு வைப்பவன் காட்டுப்பாதையில் நடக்கிறான். அதற்கும் அப்பால் போனால், 1597 சிசியிலேயே நிமிடத்துக்கு 7500 சுற்றில் 175 குதிரைச் சக்தி தரும் 4ஜி92 மைவெக். இன்னும் அப்பால், லான்சர் இவொலூஷனின் 1997 சிசி டர்போ எஞ்சின். டொயோட்டாக்காரர்கள் கேஇ70 கொரோலாவில் 1290 சிசி 4கே-யை எடுத்துவிட்டு 4ஏ-ஜிஇ வைப்பதைப் பற்றி ஒரு புராணமே பாடுவார்கள். கேட்பதற்கு நேரம் இருந்தால் கேட்கலாம்.

தொழிற்சாலைகளே இந்தக் காரியத்தைச் செய்ததுண்டு என்பதை இங்கே நினைவூட்டுவது நியாயம். இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், வாக்ஸால் விக்டரின் பெரிய உடலை வாங்கி 1984-இல் காண்டெஸாவை வெளியிட்டபோது, அதற்குள் வைத்தது அம்பாஸிடரின் 1489 சிசி எஞ்சினை. யானைக்குக் குதிரையின் கால் பூட்டியதைப் போன்ற அந்தப் பொருத்தத்தைப் பின்னர் இஸுஸுவின் 1.8 லிட்டர் எஞ்சினைக் கொண்டுவந்துதான் சரிசெய்தார்கள். பிறகு அம்பாஸிடருக்கே அந்த யோகம் அடித்தது. அம்பாஸிடர் 1800 ஐஎஸ்ஸட் என்பது, யோசித்துப் பார்த்தால், முதிய உடலில் ஜப்பானிய எஞ்சின் என்ற நம்மூர்ப் பட்டறை வேலையைக் கம்பெனி முத்திரையோடு செய்ததுதான். ஆனால் கம்பெனி செய்தபோது, பொறியாளர்கள் அமர்ந்து, எஞ்சினைச் சுற்றியுள்ள மற்றவற்றையும் கணக்குப் பார்த்தார்கள். பட்டறையில் அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

இதை ஏட்டுச் சுரைக்காயாகச் சொல்லவில்லை. என் தங்கை மகன், அவன் தகப்பனார் விட்டுப்போன 1988-ஆம் ஆண்டுச் சாகா 1.3-க்கு 4ஜி93 வைத்தே தீருவேன் என்று நின்றபோது, தடுக்கப் போன நான் கடைசியில் அவனுக்குத் துணையாகிவிட்டேன். ஜெலுத்தோங் பக்கத்துப் பட்டறை ஒன்றில் நாற்பது ஆண்டுகளாகக் கையில் எண்ணெய் படிந்த போமன் ஒருவர், அவரும் நம்மவர்தான், வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுச் சொன்ன முதல் வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது.

“எஞ்சின் கிடைச்சிரும் அண்ணே. வயரு முழுசா கிடைக்கணும், அதான் பாடு.”

அந்த வாக்கியத்தின் அருமை அப்போது விளங்கவில்லை. சாகா கார்புரேட்டர் வண்டி. அதன் எஞ்சினுக்குப் புத்தி என்று தனியாக ஒன்று கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டரும் வாக்குவமும் பார்த்துக்கொள்ளும். அரை வண்டியிலிருந்து வரும் எஞ்சினுக்கோ ஈசியு என்னும் பெட்டி ஒன்று உண்டு. காற்று எவ்வளவு உள்ளே போகிறது, தண்ணீர் எவ்வளவு சூடாயிற்று, வெளியேறும் புகையில் பிராணவாயு எவ்வளவு என்று கேட்டறிந்து, அதற்கேற்ப எண்ணெய் தெளிக்கும் அந்தப் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஓடுவது, ஆலம் விழுதுகளைப் போலக் கிளைத்த ஒரு வயர்க் கற்றை. எங்களுக்கு எஞ்சின் விற்ற கடைக்காரர், இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதற்காகவோ என்னவோ, அந்தக் கற்றையை நடுவில் வெட்டிவிட்டிருந்தார். வெட்டிய முனையில் வெள்ளையில் கறுப்புக் கோடு, வெள்ளையில் சிவப்புக் கோடு, வெள்ளையில் நீலக் கோடு என்று, பட்டறை விளக்கொளியில் ஒன்றையொன்று ஒத்திருந்த பல பத்து வயர்களை, வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்து அந்த மனிதர் சேர்த்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. எஞ்சினை இறக்கி ஏற்றிய வேலை இரண்டே நாள்.

ஆகையால் அரை வண்டி வாங்கப் போகிறவர் எஞ்சினை மட்டும் தனியாக, இங்கே எஞ்சின் கோசோங் என்பார்களே, அப்படி வாங்குவதைவிட, வெட்டப்பட்ட முன்பாதி முழுவதையும் வாங்குவதே லாபம் என்பது என் கட்சி. கியர்பாக்ஸ், கிளட்ச், டிரைவ்ஷாஃப்ட், ரேடியேட்டர், முன்பிரேக், ஈசியு, வயர், மீட்டர் எல்லாம் ஒரே வண்டியில் ஒன்றோடொன்று பழகி வந்தவை. மீட்டரில் ஓடிய தூரம் தெரியும்; கம்ப்ரெஷன் கேஜைச் செருகி ஒவ்வோர் உருளையையும் அளந்தால், நான்கும் ஒரே அளவில் நிற்கின்றனவா, ஒன்று மட்டும் தாழ்ந்து நிற்கிறதா என்று தெரியும்; எண்ணெய் மூடியைத் திறந்தால், உள்ளே தேன் நிறமா, தார்ப்பசையா, அல்லது தண்ணீர் கலந்த பால் நிறமா என்பதும் தெரிந்துவிடும். பால் நிறம் என்றால் விலை பேசாமலே திரும்பிவிடலாம்.

இப்போது எஞ்சினைச் சுற்றியுள்ளவற்றுக்கு வருவோம். கார்புரேட்டருக்கு மெதுவாக ஊட்டிக்கொண்டிருந்த பழைய பெட்ரோல் பம்பு, தெளிப்பு முறைக்கு வேண்டிய சுமார் மூன்று பார் அழுத்தத்தைத் தரமாட்டாது. டாங்கிக்குள் மின்சாரப் பம்பு வேண்டும், மிஞ்சிய பெட்ரோல் டாங்கிக்குத் திரும்ப வழியும் வேண்டும். மவுண்டிங் புதிதாகச் செய்ய வேண்டும். அதைச் செய்யும் வெல்டர், எஞ்சின் அதிரும்போது எந்தத் திசையில் முறுகும் என்பதை அறிந்தவராக இருக்க வேண்டும், இல்லையேல் ஆறு மாதத்தில் பற்றுவைப்பு விண்டுபோகும். நம் தீவின் உப்புக் காற்று முன்சக்கரத் தூண் நிற்கும் தகட்டை ஏற்கெனவே அரித்து வைத்திருந்தால், அதன்மேல் கனமான எஞ்சினை ஏற்றுவது செல்லரித்த உத்தரத்தில் ஊஞ்சல் கட்டுவதற்கு ஒப்பாகும்.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் செலவு மிஞ்சும்போது முதலில் கைவிடப்படுவது அதுதான். ஓடும் பொருளின் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும் என்று பள்ளியில் படித்தோம்: 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காடியை நிறுத்துவதற்கும் 110-இல் ஓடுவதை நிறுத்துவதற்கும் இடையே, வேகத்தில் மூன்றிலொரு பங்குக்கும் சற்று மேலான வித்தியாசமே இருந்தாலும், பிரேக் விழுங்க வேண்டிய சூடு ஏறத்தாழ இரு மடங்கு. பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாக மலையேறி பாலிக் புலாவ் இறங்கியவர்களுக்குத் தெரியும்: ஏறும்போது எஞ்சின் சோதிக்கப்படுகிறது, இறங்கும்போது பிரேக் சோதிக்கப்படுகிறது. ஏறுவதற்கு மட்டும் பணம் செலவழித்தவர்கள் இறங்கும் வழியில் ரப்பரும் அஸ்பெஸ்டாஸும் கருகிய வாசனையை முகர்ந்திருப்பார்கள். என் மருமகன் வண்டிக்கு முன்பக்க டிஸ்க்கும் கேலிப்பரும் அரை வண்டியிலிருந்தே வந்தன. பின்பக்க டிரம்மை அப்படியே விட்டுவிடலாம் என்ற அவன் யோசனைக்கு போமன் தலையசைக்கவில்லை.

குளிர்விப்பதும் அப்படியே. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தின் நடுவில், மாலை ஐந்தரை மணி நெரிசலில், கடற்காற்று வீசுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கையில், ரேடியேட்டருக்குள் காற்றே புகாது. அந்நேரத்தில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலர். சாகாவும் பாலமும் ஒரே ஆண்டில், 1985-இல், பிறந்தவை என்பதும், அந்தப் பாலத்தில் வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர்தான் என்பதும், அதற்குச் சாகாவின் பழைய எஞ்சினே தாராளமாகப் போதும் என்பதும், இந்தக் கட்டுரையில் நான் சொல்லாமல் விட்டுவிட வேண்டியவை என்று மருமகன் கருதுகிறான்.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குத் திருமூலர் கதை ஞாபகம் வருகிறது. இறந்துகிடந்த மூலன் என்னும் இடையனின் உடலில் யோகியார் புகுந்தார். அழுதுநின்ற பசுக்கள் அமைதியுற்று ஊர் திரும்பின. ஊராரும் மூலன்தான் வருகிறான் என்றிருந்தார்கள். மனைவி ஒருத்திதான், உள்ளே இருப்பவர் வேறொருவர் என்று கண்டுகொண்டு, பெரியவர்களிடம் முறையிட்டாள். நம் காடிகளுக்கு அந்த மனைவியின் ஸ்தானத்தில் இருப்பது ஜேபிஜே என்னும் சாலைப் போக்குவரத்து இலாகா. கிராண்ட் என்னும் பதிவுப் பத்திரத்தில் எழுதியுள்ள எஞ்சின் எண்ணும் சிசியும் ஒன்று, பானட்டுக்குள் இருப்பது வேறு என்றால், வண்டி எவ்வளவு அழகாக ஓடினாலும் அது 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. விலைச்சீட்டும் சுங்கப் பத்திரமும் கையில் வைத்துக்கொண்டு, புஸ்பாகோம் பரிசோதனைக்கு வண்டியை நிறுத்தி, புதிய எண்ணைப் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. அதை எண்டோர்ஸ் செய்வது என்பார்கள். வழி இருந்தும் பலர் போகாததற்குச் சோம்பல் ஒரு காரணம். பத்திரமே இல்லாத எஞ்சினை மலிவாக வாங்கியது இன்னொரு காரணம். திருட்டு வண்டியின் எஞ்சின் எத்தனை கை மாறினாலும் அதன் எண் மாறுவதில்லை.

மூன்றாவது காரணம் வரி என்பார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. தீபகற்பத்தில் தனியார் சலூன் காடிக்கு ஆண்டுச் சாலை வரி சிசியைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. 1298 சிசிக்கு 70 வெள்ளி. 1468 சிசிக்கும் 1597 சிசிக்கும் ஒரே 90 வெள்ளி. 1834 சிசிக்கு, 1800-க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 50 காசு சேர்ந்து, 297 வெள்ளி. 1997 சிசிக்கு 378 வெள்ளி 50 காசு. சாகாவை 1.8 ஆக்கியவன் ஆண்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது 227 வெள்ளி. ஆயிரக்கணக்கில் எஞ்சினுக்குச் செலவழித்தவன் இந்தத் தொகைக்கு அஞ்சி, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும் நிலையில் வண்டியை வைத்திருப்பது, உப்புக்குச் சிக்கனம் பார்த்துக் கருவாட்டைக் கெடுப்பதாகும்.

வரிப் பட்டியல் சிசியை மட்டும் பார்ப்பதால் விளைந்த வேடிக்கை ஒன்றும் உண்டு. 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில், 659 சிசி; ஜப்பானில் அதன் உறவுமுறையான டைஹாட்சு மீராக்களில் அதே கொள்ளளவில் டர்போ எஞ்சின்கள் வந்தன. அந்நாட்டுச் சிறு வண்டிகளுக்கு உற்பத்தியாளர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட 64 குதிரைச் சக்தி வரம்பை முட்டிக்கொண்டு நிற்பவை அவை. அவற்றின் அரை வண்டியை வாங்கிக் கஞ்சிலில் பூட்டினால், சக்தி ஏறத்தாழ இரு மடங்காகிறது. சாலை வரியோ 1000 சிசிக்குட்பட்ட அதே 20 வெள்ளி. எல் ஃபைவ், எல் செவன் என்று மீராவின் உடல் எண்ணையே பெயராக்கி, பையன்கள் இவற்றைப் பற்றிச் சாயாக் கடையில் மணிக்கணக்காகத் தர்க்கம் செய்வார்கள். பெரிய எஞ்சின் என்றால் என்ன என்ற கேள்விக்கே இங்கே அரசாங்கம் ஒரு விடையும் கஞ்சில் வேறொரு விடையும் வைத்திருக்கின்றன.

இவ்வளவும் சீர்தூக்கியபின், நான் யாருக்கேனும் யோசனை சொல்வதாயின், 1.3-க்கு 1.5 வைத்துக்கொள்ளச் சொல்வேன். வீரா வைத்திருப்பவனை 1.8 வரை போகச் சொல்வேன். சாகாவில் டர்போ வேண்டும் என்பவனிடம், அந்தப் பணத்துக்கு அந்த எஞ்சினோடு பிறந்த வண்டியையே ஏன் தேடக்கூடாது என்று கேட்பேன். கேட்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. 1932-இல் ஃபோர்டு தன் வி8 எஞ்சினை வெளியிட்டதும், அதைப் பழைய மாடல் ஏ-யில் வைக்காமல் அமெரிக்க இளைஞர்களால் இருக்க முடியவில்லை.

மருமகனின் சாகா கடைசியில் பதிவும் பெற்று ஓடுகிறது. பட்டறையிலிருந்து அதை எடுத்த அன்று, மூலையில் கோணியைப் போர்த்திக் கிடந்த பழைய 4ஜி13-ஐ என்ன செய்வது என்று கேட்டோம். பழைய இரும்புக்குப் போட்டால் ஏதோ கிடைக்கும் என்றான் மருமகன். போமன் ஒன்றும் சொல்லவில்லை. மறு மாதம் போனபோது மூலை காலியாக இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், ஆதி நாள் சாகா ஒன்றை, முதல் சாகா தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறதே, அதைப் போலவே ஓர் ஆணிகூட மாறாமல் திரும்ப அமைக்க வேண்டும் என்று தைப்பிங்கிலிருந்து லாரி கொண்டுவந்து, எங்கள் எஞ்சினைத் துடைத்து, கம்பளியில் சுற்றி ஏற்றிக்கொண்டு போனாராம். அவருடைய வண்டியில் யாரோ, பல வருஷங்களுக்கு முன், 4ஜி93 வைத்திருந்தார்களாம்.

“அதைக் கழட்டித் தரேன், வித்துக் குடுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு,” என்றார் போமன்.